பபுள் ஐ மீன் வளர்க்க: ஒரு தையல்காரரின் குறிப்பு

ரங்கூனில் எங்கள் வீடு நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து கயிறு தொங்கும். காய்கறி, பேப்பர் எல்லாம் அதில்தான் மேலே வரும். பபுள் ஐ என்பது இரண்டு கண்ணுக்குக் கீழேயும் நீர்ப்பை உப்பியிருக்கும் தங்கமீன் வகை. என் முதல் பபுள் ஐ மீனையும் தண்ணீர்ப் பையோடு அந்தக் கயிற்றில்தான் இழுத்தேன். இரண்டாம் மாடிக் கம்பியில் பை மோதியது. மேலே வந்து பிரித்துப் பார்த்தால், இடது கண்ணுக்குக் கீழே உப்பியிருக்க வேண்டிய நீர்ப்பை சுருங்கித் தொங்கியது. இப்போதெல்லாம் மீன் வாங்கினால் மடியில் வைத்துக்கொண்டு படியேறித்தான் வருகிறேன்.

அந்தப் பை மெல்லிய தோல், உள்ளே திரவம், அவ்வளவுதான். வேறு தங்கமீன் வகைகளான பிளாக் மூரின் பிதுங்கிய கண்ணும், செலஸ்டியலின் வானம் பார்த்த கண்ணும் அப்படியேதான், உரசினால் புண். அதனால் தொட்டிக்குள் எது போனாலும் நான் முதலில் ஷிஃபான் துண்டு ஒன்றை அதன்மேல் இழுப்பேன். முப்பது வருஷம் துணி தொட்ட கை. ஒரு நூல் சிக்கினாலும் தெரிந்துவிடும். சிக்கினால் அந்தப் பொருள் உள்ளே போகாது. பிளாஸ்டிக் செடி, பவளக்கல், மண்கோட்டை எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றவை. தொட்டியின் மூலையில் பிதுங்கிக் காய்ந்த சிலிக்கான் பசையையும் தடவிப் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். தரையில் கல்லே வேண்டாம்.

தொட்டி 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. விளிம்புவரை ஊற்றாவிட்டாலும் 120 லிட்டர் பிடிக்கும். அதில் இரண்டு மீன் போதும். உறிஞ்சுகிற குழாய் வைத்த ஃபில்டர் வேண்டாம், நீர்ப்பையை இழுத்துவிடும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர்தான் சரி. புதுத் தொட்டியில் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் ஸ்பான்ஜில் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் அழுக்கு ஸ்பான்ஜ் ஒன்றைக் கேட்டு வாங்கினால் சீக்கிரம் ஆகும். கழுவும்போது தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாய்த் தண்ணீரில் வேண்டாம்.

எங்கள் ஊரில் பெரிய கவலை கரன்ட்தான். முறை வைத்து நிறுத்துகிறார்கள். பம்ப் நின்றால் ஸ்பான்ஜும் மூச்சுத் திணறும், மீனும் திணறும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். கரன்ட் போகப்போகிற நேரத்தில் தீனி போடாதீர்கள். வந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். ஏப்ரல் வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும். விடிகாலையில் பிடித்து டிரம்மில் ஒரு நாள் வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால், ஐஸ் வைத்த பாட்டிலை மூடியோடு மிதக்கவிடுங்கள், ஆனால் ஒரே தடவையில் இரண்டு டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது.

இந்த மீன்களுக்குப் பார்வை குறைவு. காமெட் மாதிரி வேகமான மீனோடு விட்டால் பட்டினிதான். மூழ்கும் தீனியை ஐந்து நிமிஷம் ஊறவைத்து, தினமும் ஒரே மூலையில் போடுங்கள். மூன்றாம் வாரம் என் மீன்கள் தாமாகவே அங்கே வந்து நின்றன. வாரம் ஒருநாள் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி கொடுக்கிறேன்.

மீனை வலையில் பிடிக்கவே கூடாது. கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தால் அதுவே நீந்தி உள்ளே வரும்.

நீர்ப்பை உடைந்துவிட்டால் பதறாதீர்கள். அந்த மீனை மட்டும் வழவழப்பான டப்பில் விடுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கல் உப்பு. தனியே கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காற்று மெதுவாக ஓடட்டும். தினமும் பாதித் தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள். பஞ்சுபோல் வெள்ளையாகப் படர்ந்தாலோ, சிவந்து வீங்கினாலோ மருந்து தேவைப்படும். மீன் கடைக்காரரிடம் காட்டுங்கள். என் மீனுக்குத் தோல் மூடி, பை மறுபடி ஊறியது. வலப்பக்கம் நெல்லிக்காய் அளவு, இடப்பக்கம் சுண்டைக்காய் அளவு. தீனி நேரத்தில் இன்னும் அதுதான் முதலில் மூலைக்கு வருகிறது.