ட்ரிப்ஸ் ஏற்றும் கையில் வாசனை எண்ணெய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நரம்பு கிடைக்கவில்லை" என்ற சொல்லை ஒரு முறை கேட்டவர்களுக்கு, அடுத்த முறை கையை நீட்டவே நடுங்கும். இரண்டு மூன்று இடங்களில் குத்து வாங்கியவர் வலியைக் குறைக்க எதையாவது தேடுவது இயல்புதான். லாவெண்டர், பெப்பர்மின்ட் எண்ணெய்களைக் கையில் தேய்த்துக்கொண்டு போனால் ஊசி சுலபமாக ஏறும் என்ற அறிவுரை அவர்களிடம்தான் எளிதாகப் போய்ச் சேர்கிறது. அதை நம்பிச் செய்யும் சில காரியங்கள் குத்தைவிடப் பெரிய தொல்லையில் கொண்டுபோய் விடும்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. பேச்சு வழக்கில் நரம்பு என்கிறோம். ஊசி ஏறுவதோ சிரையில், அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில். பிடித்துக்கொண்ட நரம்பை எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது போல இதையும் இளக்கிவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. சிரை புடைத்து எழ அதில் ரத்தம் நிறைய வேண்டும். உடலில் நீர் வற்றியிருந்தாலும், கை குளிர்ந்திருந்தாலும், பயத்தில் உடல் இறுகினாலும் அது சுருங்கிவிடும். பெப்பர்மின்ட் எண்ணெயிலுள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் நுண்ணுறுப்புகளைத் தூண்டுகிறது. அந்த ஜில்லென்ற உணர்வைக் கொண்டு தோல் மரத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, ஊசி ஏறும் இடத்திலேயே எண்ணெய் தடவுவது. அந்த இடத்தைப் பொதுவாக 70 சதவீத ஆல்கஹாலில் கலந்த 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் அரை நிமிடம் தேய்த்துத் துடைத்து, தானாக உலரவிட்டுத்தான் குத்துகிறார்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்த மருந்து தோலில் சீராகப் படியாது. துடைத்த பிறகு எண்ணெய் தொட்ட விரலால் மறுபடி தடவினால் செய்த சுத்தமெல்லாம் வீண். வீட்டுப் புட்டியிலுள்ள எண்ணெய் கிருமி நீக்கப்பட்டதல்ல. அதோடு பிளாஸ்டரும் பிடிக்காது. பிளாஸ்டர் நழுவினால், ஊசியோடு சிரைக்குள் ஏற்றிய மெல்லிய குழாய் அசையும். அசையும் குழாய் சிரையின் சுவரை உரசிப் புண்ணாக்கும், மருந்து வெளியே கசியும். கடைசியில் குழாயை எடுத்துவிட்டு வேறு இடத்தில் குத்த வேண்டிவரும். எந்தக் குத்துக்குப் பயந்து எண்ணெய் தடவினோமோ, அது இரண்டாகிவிடுகிறது.

சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய் ஏற்றிய இடத்தில் சிவப்பு, வலி, வீக்கம் வருகிறதா என்று செவிலியர் திரும்பத் திரும்பப் பார்ப்பது சிரை அழற்சியை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கத்தான். லாவெண்டரில் உள்ள லினலூல் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறுகிறது. வெகுநாள் திறந்து மூடிய புட்டி அதனால் கூடுதல் ஆபத்தானது. கிராம்பு எண்ணெயின் யூஜினாலும் தோலை எரிச்சலூட்டும். இப்படிச் சிவந்த கையைப் பார்த்தால் நல்ல குழாயைக்கூட எடுத்துவிடுவார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம்: உண்மையான அழற்சியை "எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவது.

விண்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரர். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தோலில் தடவினால்கூட ரத்தம் உறைவது மேலும் தாமதமாகலாம். அவர்கள் அந்தப் புட்டியைத் தொடவே வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. மென்தாலைக் கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனால் குரல்வளை இறுகி மூச்சு தடைபடலாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். கையில் தடவியது எப்படி உள்ளே போகும் என்று கேட்காதீர்கள். கட்டுப் போட்ட கையைத்தான் குழந்தை முதலில் வாயில் வைக்கும்.

எண்ணெய் தடவிய கைமேல் சூடான பை வைப்பதும் தவறு. எரிச்சல் கூடும், தோல் வெந்தும் போகலாம். வெறும் ஒத்தடம் போதும், அதற்குச் சான்றும் இருக்கிறது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், கையைச் சூடாக்காதவர்களில் 28 சதவீதத்தினருக்கு முதல் முயற்சி தோற்றது. சூடாக்கியவர்களில் 6 சதவீதத்தினருக்கு மட்டுமே. வீட்டில் செய்வதானால் இதமான சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

வலிதான் பயம் என்றால், லிடோகெய்னும் பிரிலோகெய்னும் சேர்ந்த மரப்புக் களிம்பைக் கேளுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகத் தடவி மூடிவைக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் கேட்டால் பயனில்லை. எண்ணெயோடு அதைக் கலக்கவும் கூடாது.

லாவெண்டர் வாசனை மனதை அமைதிப்படுத்துகிறது என்றால் அதைத் தடுக்க மாட்டேன். கைக்குட்டையில் ஒரு துளி விட்டு முகர்ந்துகொள்ளலாம். பக்கத்துப் படுக்கையில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அதுவும் வேண்டாம். வாசனையால் ஊசி வலி குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகள் சிறியவை. முகரக் கொடுத்தது எண்ணெயா, ஒப்பீட்டுக்கான வெறும் நீரா என்பதை மூக்கே காட்டிக்கொடுத்துவிடுவதால் அவற்றை முழுதாக நம்புவதும் கடினம்.

ஏற்கெனவே தடவிவிட்டீர்களா? சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டு, எந்தக் கையில் எந்த எண்ணெய் தடவினீர்கள் என்பதைச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். போன முறை எந்த இடத்தில் எளிதாகக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் நேராக அங்கேயே தேடுவார்.