அங்கோருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்க நாங்கள் ஐந்து பேர் போனோம். 72 வயது அப்பா, மனைவி, பத்தாம் வகுப்பு முடித்த மகள், 9 வயது மகன், நான். பல வருட ஆசை. ஆனாலும் முதல் நாளை நாங்களே கெடுத்துக்கொண்டோம். அடுத்துப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தவறு நுழைவுச்சீட்டிலேயே தொடங்கியது. நாங்கள் போனபோது ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு ஒருநாள் சீட்டு வாங்கினோம். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த பட்டியலில் ஏழு கோயில்கள். நான்காவது கோயிலில் மகன் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வண்டியை விட்டு இறங்குவதை நிறுத்திவிட்டார். அன்று பார்த்த பாயோன் கோயிலின் கல் முகங்களும் தா ப்ரோம் கோயிலைப் பற்றிய மரவேர்களும் படங்களில்தான் இருக்கின்றன, நினைவில் இல்லை. மறுநாள் மூன்றுநாள் சீட்டைத் தனியாக வாங்கினோம். முதலிலேயே வாங்கியிருந்தால் நாலு பேருக்கு 148 டாலர் மிஞ்சியிருக்கும். அந்தச் சீட்டைப் பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், நடுவில் ஓய்வெடுக்கலாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே சுற்றுவது அடுத்த தவறு. கல் சூடேறி அனலடிக்கும். சீக்கிரம் போய், வெயில் ஏறும்முன் விடுதிக்குத் திரும்பி, தூங்கி எழுந்து மாலையில் மறுபடி போவதுதான் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற முறை.

சூரியோதயம் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். காலையில் கோபுரங்கள் கருநிழலாகத் தெரியும். முகப்பில் வெளிச்சம் விழுவது பிற்பகலில்தான். குளக்கரையில் இடம் பிடிக்க நாலு மணிக்கே பிள்ளைகளை எழுப்பியதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் விடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாகச் சிற்றுண்டிக்குக் கிளம்பியதற்கு வருத்தப்படுகிறேன். எல்லோரும் போய்விடும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் உள்ளே சுற்று மண்டபங்கள் காலியாக இருக்கின்றன. கையில் ரெண்டு பன் எடுத்துப் போங்கள், அங்கேயே இருங்கள்.

அந்த மண்டபங்களில் நம்மவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. கோயில் என்றதும் கால் தானாக இடமிருந்து வலமாகச் சுற்றும். அங்கோர் வாட்டின் புடைப்புச் சிற்பங்கள் அதற்கு எதிர்த்திசையில் தொடர்கின்றன. மேற்கு வாசலில் நுழைந்து வலது பக்கம் திரும்பினால் முதலில் குருக்ஷேத்திரம், பிறகு கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் படை ஊர்வலம், எமனின் தீர்ப்பு, 37 சொர்க்கங்கள், 32 நரகங்கள், அப்புறம் கிழக்குச் சுவரில் ஏறத்தாழ 49 மீட்டருக்குப் பாற்கடல் கடைதல். இறந்தோர் சடங்குக்குரிய அப்பிரதட்சிணத் திசை இது. அரசனின் ஈமக்கோயிலாகவும் இது எண்ணப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருத இதுவும் ஒரு காரணம். நாங்கள் முதல் நாள் பழக்கப்படி இடது பக்கம் திரும்பி, கதையைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்தோம்.

மேல்தளமான பாகானுக்கு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடுவதில்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்த நோன்பு நாட்களில் அது மூடியிருக்கும். இது தெரியாமல் மகனிடம் "உச்சிக்குப் போறோம்டா" என்று இரண்டு மாதமாகச் சொல்லிவைத்திருந்தேன். படியருகே அவன் அழுத அழுகையை மறக்க முடியாது. நானும் மனைவியும் மாறி மாறி ஏறினோம். கீழே அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு குருக்ஷேத்திரச் சுவருக்குப் போய், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரைக் காட்டி முழுக் கதையும் சொல்லியிருக்கிறார். நான் இறங்கி வந்தபோது அவன் ராமன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். வடக்குப் பக்கம் போனால் இலங்கைப் போர்: அனுமன் தோளில் நிற்கும் ராமன், இருபது கைகளோடு தேரில் ராவணன். முட்டிவலிக்காரரும் ஏற முடியாத பிள்ளையும்தான் எங்களில் அதிகம் பார்த்தவர்கள்.

இனி, எனக்கு இன்னும் உறுத்துகிற தவறு. கைபேசியில் சுற்றும் செய்திகளை நம்பி, எங்கள் வழிகாட்டியிடம் "இதைக் கட்டியது எங்கள் தமிழ் மன்னர்தானே" என்றேன். அவர் மரியாதையாக, "இல்லை ஐயா, எங்கள் கெமர் இன மன்னர்" என்றார். அவ்வளவுதான். 'வர்மன்' என்ற பெயர் ஒட்டு வடமொழியில் எங்கும் வழங்கியது. அதை வைத்து யாரையும் பல்லவராக்க முடியாது. அங்குள்ள கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமரிலும் இருக்கின்றன. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது என்பது உண்மை. ராஜேந்திர சோழனுக்குக் காம்போச (கம்போடிய) அரசன் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்வதும் உண்மை. உறவு இருந்தது. ஆனால் உழைப்பு அவர்களுடையது. கூலன் மலையில் கல் வெட்டிக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் கொலைக்கும் பட்டினிக்கும் நோய்க்கும் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்த நாடு அது. எஞ்சியவர்கள் தங்கள் கொடியிலேயே வைத்திருக்கும் கோயிலை நம்முடையது என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வரலாமா?

நமக்கு உண்மையாகவே சொந்தமான ஒன்று அங்கே இருக்கிறது, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். வடகிழக்கே தள்ளியிருக்கும் பந்தியாய் ஸ்ரீ, 967-இல் குடமுழுக்குக் கண்ட சிறிய செம்மணற்கல் கோயில். தூரம் என்று விட்டுவிடுவார்கள், அல்லது எங்களைப் போலக் கடைசி நாளுக்குத் தள்ளுவார்கள். அங்கே சிவன் ஆடும் முகப்புச் சிற்பத்தின் அடியில், எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். தன்னைப் பேய் என்றே பாடிக்கொண்ட அம்மை.

விமானத்துக்கு நேரமாகிறது என்று நான் வாசலில் நின்று கூப்பிட்டேன். அப்பா அண்ணாந்து பார்த்தபடி கையை மட்டும் உயர்த்தி, "இருப்பா, அம்மாவைப் பாத்துட்டு வரேன்" என்றார்.