ஷமொனிக்குப் போகிறவர்களுக்கு: பனிச்சறுக்கும் கோடை நடையும்

பிரெஞ்சில் எழுதும்போது பெயரின் கடைசியில் ஓர் எக்ஸ் வரும், வாயில் வராது. ஷமொனி என்றால் போதும். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் உள்ள இந்த ஊர் 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே மோன் பிளாங் சிகரம் 4,800 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். ஊரில் மழை பெய்யும்போது மேலே பனி கொட்டும். ஊர் மேகத்துக்குள் மூழ்கியிருக்கும்போது 2,500 மீட்டரில் வெயில் கண்ணைக் கூசவைக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் என்பதால், காலில் பலகையை மாட்டினால் பள்ளத்தாக்கு முழுக்கச் சறுக்கிக்கொண்டே போகலாம் என்று பலர் நினைத்து வருகிறார்கள். அது நடக்காது. இங்கே சறுக்குமிடங்கள் தனித்தனி மலைகளில் இருக்கின்றன, நடுவில் பேருந்தோ ரயிலோ பிடிக்க வேண்டும். அதனால் "நாளைக்கு எந்த மலை?" என்பதை வானிலை பார்த்து முந்தின நாள் மாலையே முடிவு செய்துவிடுங்கள். காலையில் காபி குடித்துக்கொண்டே யோசித்தால் பாதி நாள் வரிசையில் போய்விடும்.

எப்போது போவது

பனிச்சறுக்குக்கு டிசம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை. பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு மண்டலவாரியாக விடுமுறை வரும். அந்த வாரங்களில் அறை விலையும் லிஃப்ட் வரிசையும் சேர்ந்தே ஏறும். ஜனவரியின் நடு வாரங்களும் மார்ச் பிற்பகுதியும் நிம்மதி. கோடை என்றால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. இடைப்பட்ட மாதங்களில் பராமரிப்புக்காகப் பெரும்பாலான லிஃப்ட்டுகளை மூடிவிடுவார்கள். மே மாதத்தில் அறை மலிவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

போய்ச் சேர்வது

ஜெனீவா விமான நிலையத்திலிருந்து சாலை வழியே 90 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஒன்றேகால் மணி நேரம். ரயிலில் வந்தால் சென் ஜெர்வே லெ ஃபாயே நிலையத்தில் இறங்கி, மோன் பிளாங் எக்ஸ்பிரஸ் என்ற சிறு ரயிலுக்கு மாற வேண்டும். அது ஷமொனி, அர்ஜென்டியேர், வலோர்சீன் வழியாகச் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினி வரை போகும்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் கோட்டைவிடும் விஷயங்கள் இரண்டு. சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் 40 ஃப்ராங்க் ஆண்டு வில்லை (சாலைக் கட்டணச் சீட்டு) கட்டாயம். விமான நிலையத்துக்குச் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என இரு வாசல்கள் உண்டு. பிரெஞ்சுப் பக்கத்தில் எடுக்கும் காரில் வில்லை ஒட்டியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டாவது டயர். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மலை மாவட்டத்தில் குளிர்கால டயர் இருக்க வேண்டும், அல்லது சங்கிலி வண்டியிலேயே இருக்க வேண்டும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த டயர்தான் கணக்கில் சேரும், சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் எம் ப்ளஸ் எஸ் எழுத்து இப்போது போதாது. சாவி வாங்கும்போதே குனிந்து டயரைப் பாருங்கள்.

ஊருக்குள் கார் பெரும்பாலும் சுமைதான். தங்குமிடத்தில் விருந்தினர் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டினால் உள்ளூர்ப் பேருந்துக்கும், செர்வோஸ் முதல் வலோர்சீன் வரையிலான ரயிலுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சில இடங்களில் தாமாகத் தர மாட்டார்கள், கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

எந்த நாளுக்கு எந்த மலை

பிரெவான், ஃப்ளெஜேர் இரண்டும் ஒரு கேபிள் காரால் இணைந்தவை, வெயில் பக்கம். எதிரே மோன் பிளாங் முழுசாகத் தெரியும். மார்ச்சில் காலை ஒன்பது மணிக்கு இங்கே தரை கண்ணாடிபோல் இறுகியிருக்கும், பதினொன்றுக்கு இளகும், இரண்டு மணிக்குக் கூழாகிவிடும். ஆகவே வசந்தத்தில் இங்கே பத்தரைக்கு மேல் வந்தால் போதும். ஊர் வரை இறங்கும் தடங்கள் செங்குத்தானவை, பல நாள் மூடியிருக்கும். புதியவர்கள் கேபிள் காரிலேயே இறங்குவது நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அர்ஜென்டியேருக்கு மேலே கிராண் மோன்டே. வடக்கு நோக்கியது, குளிர், செங்குத்து. வேறெங்கும் பனி கெட்டுப்போன பிறகும் இங்கே பொடியாகவே கிடக்கும். 2018 செப்டம்பரில் நடு நிலையம் தீப்பிடித்து, 3,295 மீட்டருக்குப் போகும் கேபிள் கார் நின்றுபோனது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி உச்சிக்குப் போகத் திட்டமிடாதீர்கள், அன்றைய லிஃப்ட் நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

லெ தூர் கிராமத்துக்கு மேலே பால்ம். அகலமான, சாய்வு குறைந்த நீலத் தடங்கள். பழகத் தொடங்கியவர்களுக்கு இதைவிட நல்ல மலை இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. ஆனால் மேலே மரமே கிடையாது. மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, நிற்கிறோமா நகர்கிறோமா என்பதே புரியாது. அப்படிப்பட்ட நாளில் லெ ஊஷுக்குப் போங்கள். தடங்களின் இருபுறமும் மரங்கள் இருப்பதால் பனி பெய்யும்போதும் வழி தெரியும்.

முதல்முறை பலகை மாட்டுபவர்களுக்கு லெ சவுவா, லெ பிளானார், லா வோர்மேன், லெ ஷோசலே என்ற சிறு பயிற்சிச் சரிவுகள் போதும். முதல் இரண்டு நாளுக்கு முழுப் பாஸ் வாங்குவது வீண்செலவு. ஷமொனி பாஸில் லெ ஊஷ் சேராது. எகுய் து மிதி உச்சிக்குப் போகும் கேபிள் கார், மோன்டான்வேர் ரயில், லெ ஊஷ் எல்லாம் வேண்டுமென்றால் மோன் பிளாங் அன்லிமிடெட் பாஸ் எடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், குடும்பத்தில் எல்லோருமே புதியவர்கள் என்றால் இது சிறந்த இடமல்ல. பாதிப் பேர் நன்றாகச் சறுக்குபவர்கள், மீதிப் பேர் மலையைப் பார்க்க வருபவர்கள் என்றால் இதை மிஞ்ச இடம் கிடையாது.

பூட்ஸ், பலகை

அரை மணி நேரம் செலவழிக்கத் தகுந்தது பூட்ஸ் கடையில்தான். அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். பாதம் 26.5 செ.மீ. என்றால் பூட்ஸும் 26.5. சந்தேகம் இருந்தால் உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்னால் தொடும்வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடம் இருந்தால் சரி. பிறகு உள்ளுறையோடு மாட்டி, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, கொக்கிகளைக் கீழிருந்து மேலாகப் பூட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கம் உரச வேண்டும், முழங்காலை முன்னே வளைத்தால் விலக வேண்டும். வீட்டுச் செருப்புபோல் சௌகரியமாக இருந்தால் அது பெரிய அளவு. மதியத்துக்குள் கால் உள்ளே ஆடத் தொடங்கி, அதை அடக்க நீங்கள் கொக்கியை இறுக்கி, ரத்த ஓட்டம் நின்று விரல் மரத்துப்போகும்.

குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் போடுவது எல்லோரும் செய்யும் தப்பு. முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று. உள்காற்சட்டையின் விளிம்பு பூட்ஸுக்குள் போகக் கூடாது. அந்த ஒரு மடிப்பு மாலைக்குள் கணுக்காலில் காயமாகும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது. உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் நீர்புகா மேலுறை.

கடையில் எடை, உயரம், வயது, திறமை நான்கையும் கேட்பார்கள். பலகையின் பிடிப்பான் எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை இவற்றையும் பூட்ஸ் அடியின் நீளத்தையும் வைத்துத்தான் திருகுவார்கள். திறமையை ஏற்றிச் சொன்னால், விழும்போது பலகை கழலாமல் முழங்கால் தசைநார் கிழியும். எடையைக் குறைத்துச் சொன்னால், கழலக் கூடாத இடத்தில் கழலும். தொடங்குபவர்களுக்குப் பலகையின் நீளம் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் இருந்தால் போதும்.

மாட்டும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வையுங்கள். பள்ளப் பக்கத்துப் பலகையை முதலில் மாட்ட வேண்டும். பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைப் பிடிப்பானின் முனையில் தேய்த்து அகற்றுங்கள், முன்விரல் பக்கத்தை நுழையுங்கள், குதிகாலை அழுத்துங்கள். "டக்" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை காரணம் அடியில் மிச்சமிருக்கும் பனிதான். சறுக்கும்போது பயத்தில் உடல் பின்னால் சாயும், சாய்ந்தால் பலகை சொன்ன பேச்சு கேட்காது. முழங்கால் வளைந்து கணைக்கால் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். இழுவை லிஃப்ட்டில் தட்டின்மேல் உட்காராதீர்கள். அது தள்ளும், தாங்காது.

பனியில் சூரியன் கீழிருந்தும் சுடும். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துளைகளின் ஓரத்திலும் களிம்பு பூசுங்கள்.

தடத்துக்கு வெளியே

பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்பது தடங்களின் கடின வரிசை. கம்பங்களுக்கு வெளியே கால்வைத்தால் அது தடமல்ல, காவலும் இல்லை. பிரான்சின் வானிலை நிறுவனமான மெத்தேயோ பிரான்ஸ் மாலையில் மறுநாளுக்கான பனிச்சரிவு அறிக்கை வெளியிடும், அளவு 1 முதல் 5 வரை. 3 என்பதை "நடுத்தரம்" என்று படிப்பவர்கள் ஏராளம். அது கணிசமான ஆபத்து. அளவு 4, 5 ஆக உள்ள நாட்களில் பலர் வீட்டோடு இருந்துவிடுவதால், உயிரிழப்புகள் 3இல்தான் நிறைய நேர்கின்றன. வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் தேடல் கருவி, நீண்ட குத்துக்கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். பனிக்குள் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு சட்டென்று சரிகிறது. ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

வாலே பிளான்ஷ் என்ற 20 கி.மீ. இறக்கம் எகுய் து மிதியிலிருந்து தொடங்குகிறது. அழகில் ஈடில்லை. ஆனால் அது முழுக்கப் பனியாறு. பிளவுகளைப் பனி மூடியிருக்கும், கம்பங்கள் கிடையாது. வழிகாட்டியில்லாமல் இறங்காதீர்கள். சிவப்புத் தடத்தில் எந்தப் பனியிலும் தடுமாறாமல் வருபவர்களுக்குத்தான் இது. முதல் சோதனையே கயிறு கட்டி நடந்து இறங்கும் குறுகிய பனிமுகடு.

தடத்தில் அடிபட்டால் கீழே கொண்டுவரும் செலவு உங்கள் தலையில். பாஸ் வாங்கும்போதே கார்ரே நேஜ் காப்பீட்டை நாள்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். உயர்மலை மீட்பைப் பிரான்சில் ஜாந்தார்மெரி என்ற காவல் படை இலவசமாகச் செய்கிறது. எல்லைக்கு அப்பால் இத்தாலியிலோ சுவிட்சர்லாந்திலோ விழுந்தால் பில் வரும். அவசர எண் 112. ஹெலிகாப்டரைப் பார்த்து இரு கையையும் விரித்து உயர்த்தினால் "உதவி வேண்டும்" என்று பொருள். வெறுமனே ஆர்வத்தில் கையாட்டாதீர்கள்.

எகுய் து மிதி

ஊரிலிருந்து 3,842 மீட்டருக்கு 20 நிமிடம். நடுவில் 2,300 மீட்டர் சொச்சத்தில் பிளான் து லெகுய் நிலையத்தில் வண்டி மாறுவீர்கள். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவு. படியேறினால் தலை சுற்றும், சிலருக்கு வலிக்கும். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்குங்கள். தலைவலி கூடினால் மாத்திரை போட்டுக்கொண்டு உட்காராமல் அடுத்த வண்டியில் இறங்குவதுதான் மருந்து. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள். ஊருக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ 18 டிகிரி வித்தியாசம், அதனால் ஆகஸ்டிலும் கோட்டும் தொப்பியும் வேண்டும். காலை முதல் வண்டிகளில் இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். கோடையில் பதினொன்றுக்கு மேல் மேகம் கட்டத் தொடங்கிவிடும்.

கோடை நடை

பிரான்சின் வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 3630 ஓடி என்ற 1:25,000 வரைபடம் வாங்குங்கள். நேரத்தை நீங்களே கணக்கிடலாம்: மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், சமதூரம் 4 கி.மீ. உயரத்துக்கான நேரம், தூரத்துக்கான நேரம் இரண்டையும் தனித்தனியே போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். ஃப்ளெஜேர் நிலையத்திலிருந்து (1,877 மீ.) லாக் பிளாங் ஏரிக்கு (2,352 மீ.) 475 மீட்டர் ஏற்றம், 95 நிமிடம். தூரம் சுமார் 3 கி.மீ., 45 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஓய்வு தனி.

ஏற்றம் வேண்டாம் என்றால் இன்னொரு லிஃப்ட் பிடித்து இன்டெக்ஸ் வரை போய், அங்கிருந்து குறுக்கே ஏரிக்கு நடந்து, ஃப்ளெஜேருக்கு இறங்கலாம். ஜூன் கடைசி வரை அந்தக் குறுக்குவழியில் இறுகிய பனித்திட்டுகள் கிடக்கும். ஓட்டக் காலணியில் அதைக் கடக்காதீர்கள், வழுக்கினால் கீழே பாறை. ஏரியில் மலை பிரதிபலிப்பது காலையில் மட்டும், காற்று எழுந்தபின் தண்ணீர் கலங்கிவிடும். ஏரியைச் சுற்றிய எகுய் ரூஜ் காப்பகத்துக்குள் பூ பறிக்கக் கூடாது, நாய்க்கும் தடை.

முழங்காலுக்கு இதமானது கிராண் பல்கோன் நோர். பிளான் து லெகுய்யிலிருந்து மோன்டான்வேருக்கு (1,913 மீ.) இரண்டரை முதல் மூன்று மணி நேரம், பெரும்பாலும் இறக்கம். இந்தத் திசையில்தான் நடங்கள், எதிர்த்திசையில் அதே பாதை மூச்சுவாங்கும். கேபிள் கார் ஏற ஒருவழி, பல்சக்கர ரயிலில் இறங்க ஒருவழி என்று டிக்கெட் எடுக்க வேண்டும். மோன்டான்வேரில் மேர் து கிளாஸ் பனியாறு. 1909 முதல் ஓடும் ரயில் இது. அன்று நிலையத்துக்குச் சற்றுக் கீழேயே இருந்த பனி இப்போது பாதாளத்தில் கிடக்கிறது. பனியை நோக்கி இறங்கும் வழியில் எந்த ஆண்டு எந்த மட்டத்தில் இருந்தது என்று பலகை நட்டிருக்கிறார்கள். அருகருகே தொடங்கும் ஆண்டுகள் போகப்போக விலகுவதைப் பார்க்கலாம்.

இடி மதியத்துக்குப் பின் வரும். ஒரு மணிக்கெல்லாம் முகட்டிலிருந்து இறங்கியிருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவு என்றால் 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது. இரும்பு ஏணியிலிருந்தும் கம்பியிலிருந்தும் விலகுங்கள்.

மலைச் சைக்கிளோடு வருபவர்கள் ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலான நடைபாதைகள் தங்களுக்கு மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மோன் பிளாங்கைச் சுற்றிவரும் 170 கி.மீ. நடைக்கு ஏறத்தாழ பத்து நாள், மொத்த ஏற்றம் 10,000 மீட்டர், வழியில் மூன்று நாடுகள். மலைவிடுதிகளில் படுக்கையைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்யாவிட்டால் ஜூலையில் இடம் கிடைக்காது. ஆகஸ்ட் கடைசி வாரம் இதே பாதையில் ஓட்டப்பந்தயம் நடக்கும். ஓடவும் பார்க்கவும் வராதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த நடையானாலும் கடைசி லிஃப்ட் நேரத்தைக் கிளம்பும் முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெஜேரில் தவறவிட்டால் 800 மீட்டர் இறக்கம், இரண்டு மணி நேரத்தில் ஊர். பிளான் து லெகுய்யில் தவறவிட்டால் அது 1,280 மீட்டர், கடைசி மணி நேரம் காட்டுக்குள் டார்ச் வெளிச்சத்தில்.