ஹப்பைக் குறை சொல்லும் முன்: பழைய ஃபோர்வீல் வண்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்ட மறுநாள் காலை, செம்மண் ஏற்றம். முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கும் லாக்கிங் ஹப் இரண்டையும் லாக்கில் திருப்பியாயிற்று. லீவரும் ஃபோர்வீலில்தான் கிடக்கிறது. ஆனால் பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைக்கிறது, முன்சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது. பழைய ஜீப்போ பிக்கப்போ வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இப்படி நின்றிருப்பார்கள். அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: "ஹப் போச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்."

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மாற்றினேன். கழற்றிய ஜோடியை வீட்டுக்குக் கொண்டுவந்து டீசலில் ஊறவைத்துக் கழுவினேன். ஒரு பல்கூட உடைந்திருக்கவில்லை. உள்ளே இருந்த ஸ்பிரிங்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பழுப்பேறிய கிரீஸை அடைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஜோடி இன்றும் என் வண்டியில் ஓடுகிறது. புதிதாக வாங்கியது டப்பாவில் கிடக்கிறது.

ஹப்பின் வேலை சின்னது. முன் ஆக்ஸில் ஷாஃப்டையும் சக்கரத்தையும் சேர்ப்பது, தேவையில்லாதபோது பிரிப்பது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவ ஜீப்கள் பொதுமக்கள் கைக்கு வந்தன. தார்ச்சாலையில் ஓட்டும்போதும் முன் ஆக்ஸில், அதன் நடுவிலுள்ள கிரவுன் பற்சக்கரம், அதற்கு விசை கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மா சுற்றித் தேய்ந்தன. அதைத் தவிர்க்க 1948-இல் தொடங்கிய அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் இந்த லாக்கிங் ஹப்பைச் செய்து விற்றது. ஃப்ரீ, லாக் என்று இரண்டே நிலை. இவ்வளவு எளிய சாமானை நாம்தான் கெடுக்கிறோம்.

சோதித்துப் பார்க்காமல் ஹப்பைக் கழற்றுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், பத்து நிமிடம் போதும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். இன்ஜின் ஓடக் கூடாது. லீவரை ஃபோர்வீலில் போட்டு, இரண்டு ஹப்பையும் லாக் செய்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்து, வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதி) உள்ள வண்டியில் மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றினால் இரண்டு ஹப்பும் பிடிக்கின்றன என்று அர்த்தம். இனி வண்டிக்கு அடியில் படுத்து முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கலாம், ஆனால் முழுதாகச் சுற்றக் கூடாது. சுற்றினால் கோளாறு, முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலோ அதன் லீவர் இணைப்பிலோ இருக்கிறது, ஹப் பாவம். ஷாஃப்ட் சுற்றாமல் நின்று, மறுபக்கச் சக்கரமும் அசையாவிட்டால்தான் ஹப் மூடியைத் திறக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஃப்ரீக்கு மாற்றி அந்தச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இப்போது மறுபக்கம் அசைந்தால் ஃப்ரீயில் வைத்த ஹப் முழுதாக விடவில்லை.

இதே டிஃபரன்ஷியல் கணக்கால்தான் ஒரு பக்கம் மட்டும் லாக் செய்தால் பலனில்லாமல் போகிறது. அவசரத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விசை முழுக்க ஃப்ரீயாக இருக்கும் பக்கத்து ஷாஃப்டை வெறுமனே சுற்றிவிட்டுப் போய்விடும்.

ஹப்பின் முகப்பில் இருக்கும் டயல் திரும்பவில்லை என்றால் கட்டிங் பிளேயரோ பைப் ரெஞ்சோ எடுக்காதீர்கள். டயல் கையால் திருப்புவதற்காகச் செய்தது. உள்ளே பல்லோடு பல் நேருக்கு நேர் முட்டி நிற்கும்; வண்டியை ஒரு சாண் முன்னேயோ பின்னேயோ நகர்த்தினால் விட்டுக்கொடுக்கும். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பல மேனுவல் ஹப்களில் டயல் நேரடியாகப் பல்லைத் தள்ளுவதில்லை, ஒரு ஸ்பிரிங்கைத்தான் அழுத்துகிறது. பல்லும் பள்ளமும் நேராக வரும்போது ஸ்பிரிங் அந்தப் பல் உள்ள வளையத்தை உள்ளே தள்ளும். அதனால் டயல் லாக்கில் நிற்பதாலேயே ஹப் லாக் ஆகிவிட்டது என்று நம்பக் கூடாது. லாக் செய்ததும் சில அடி மெதுவாக உருட்டி, பிறகு ஏற்றத்தில் ஏறுங்கள்.

கிரீஸ் விஷயத்துக்கு வருகிறேன். வீல் பேரிங்குக்குக் கிரீஸை உருளைகளுக்கிடையே நன்றாக அழுத்தி ஏற்ற வேண்டும். அதே கையோடு, அதே கிரீஸை ஹப்புக்குள்ளும் திணித்துவிடுகிறார்கள். அந்தச் சின்ன ஸ்பிரிங்கால் இவ்வளவு கிரீஸைத் தள்ளிக்கொண்டு நகர முடியாது, அதிலும் மலைக்காட்டுக் குளிரில் கிரீஸ் இறுகிய பிறகு கேட்கவே வேண்டாம். ஹப் பாகங்களுக்கு விரலால் தடவிய மெல்லிய படலம் போதும். திறந்தபோது கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; ஓ-ரிங்கையும் பேப்பர் கேஸ்கட்டையும் பார்க்காமல் மூடாதீர்கள்.

கழற்றுவதிலும் பொறுமை வேண்டும். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் ஹப்பின் ஸ்டட்டுகளில் கூம்பு வாஷர் இருக்கும். நட்டைக் கழற்றினாலும் ஹப் வராது. உடனே இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் கேஸ்கட் உட்காரும் முகம் காயப்பட்டு, பிறகு எப்போதும் கசியும். நட்டை ஸ்டட்டின் நுனியில் ஏற்றிவைத்து, பித்தளைத் துண்டை வைத்துத் தட்டினால் வாஷர் தானாகத் துள்ளி வரும். பேரிங் நட்டை உளியும் சுத்தியலும் வைத்துத் திருகுவதும் இந்த ரகம்தான். அதற்கென்று பெரிய பாக்ஸ் ஸ்பானர் கிடைக்கிறது. மாட்டும்போது லாக் வாஷரின் காதை மடக்க மறந்தால் நட்டு தளர்ந்து, பேரிங் ஆடி, அந்த ஆட்டம் ஹப் பல்லைத் தின்னும். ஷாஃப்ட் நுனியில் வரும் சர்க்லிப் என்ற வளையக் கிளிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

திருப்பத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் ஹப்பை ஃப்ரீயில், லீவரை டூவீலில் போட்டு அதே திருப்பத்தில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஆக்ஸில் ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம். தொடர்ந்தால் வீல் பேரிங்கையும் பிரேக்கையும் பாருங்கள்.

டயலே இல்லாத ஆட்டோமேட்டிக் ஹப் என்றால் பழக்கம் மாற வேண்டும். பழைய மெக்கானிக்கல் ரகங்களில், லீவரை டூவீலுக்கு மாற்றிய பிறகு வண்டியைக் கொஞ்சம் பின்னே எடுத்தால்தான் ஹப் விடும். பின்னே எடுக்காமல் வீடு வரை ஓட்டிவிட்டு "ஹப் ஜாம்" என்பார்கள். சேற்றில் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுப்பதும் இவற்றுக்கு ஆகாது. திசை மாறும் ஒவ்வொரு முறையும் விட்டு விட்டுப் பிடித்து, பல் உடையும். சுசூகி ஜிம்னி போல வாக்குவம் ஹப் (காற்றை உறிஞ்சும் விசையால் லாக் ஆவது) உள்ள வண்டிகளில் பத்து வருட வெயிலில் வெடித்த ரப்பர் ஹோஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹோஸை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மயிரிழை வெடிப்புகூடத் தெரியும்.