ஐப்பசி மழையில் பால்வாடிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது எப்படி?

இலையுதிர்காலம் என்று பாடப் படங்களில் வரும் மஞ்சள், சிவப்பு இலைக் குவியலைக் காவிரி டெல்டாவில் தேட வேண்டாம். இங்கே அரசமரம் மொட்டையாவது மாசி, பங்குனியில்தான். புரட்டாசி, ஐப்பசியில் நடப்பது வேறு: குறுவை அறுப்பு முடிகிறது, சம்பா நடவு நடக்கிறது, வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. கடலோர மாவட்டங்களின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மழைதான். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது போதும். வண்ணத்தாளில் இலை வெட்டி ஒட்டுவதைவிட நூறு மடங்கு மேல்.

முதலில் இடம். வாரம் ஒரு இடம் என்று அலைய வேண்டாம். மையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஒரே இடத்தைப் பிடித்து, வாரம் இரண்டு முறை அங்கேயே போக வேண்டும். போன வாரம் இல்லாத காளான் இந்த வாரம் முளைத்திருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேறு வழியில்லை. கோயில் திடல், தென்னந்தோப்பின் ஓரம், வயலைப் பார்த்த மேட்டு வரப்பு எல்லாம் சரி. வாய்க்கால் கரை, குளத்துப் படித்துறை, மதகு மூன்றும் கூடாது. மேட்டூர்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து ஓடும் மாதம் இது. முழங்கால் அளவு தண்ணீரே இந்த வயதுக்கு ஆபத்து. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை.

முந்தின நாள் பெரியவர் ஒருவர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். வேலியில் காட்டாமணக்கு, அரளி, ஊமத்தை இருக்கிறதா? காட்டாமணக்குக் கொட்டை கடலைபோல ருசிப்பதால் பிள்ளைகள் நாலைந்து தின்றுவிட்டு வாந்தியில் விழுவது அடிக்கடி நடக்கிறது. முருங்கை மரத்தடியில் அண்ணாந்து பாருங்கள். மழைக்குப் பின் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். வைக்கோல் போர், செங்கல் குவியல், தேங்காய் மட்டைக் குவியல் பக்கமும் அப்படித்தான்: தண்ணீர் ஏறியதும் பாம்பும் பூரானும் மேட்டைத் தேடி வரும்.

நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர். டீச்சரும் ஆயாவும் மட்டும் இருந்தால் எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பேரை மறுநாள் கூட்டிப் போகலாம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மொத்தம் நாற்பது நிமிடம்: போக பத்து, அங்கே இருபது, திரும்பப் பத்து. அதற்கு மேல் நீட்டினால் ஒன்று தூக்கிக்கொள்ளச் சொல்லும், இன்னொன்று அழும். முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்; டெங்கு கொசு கடிப்பது பகலில். ரப்பர் செருப்பு களிமண்ணில் ஒட்டிக் கழன்றுவிடும். வெறுங்கால் என்றால் கொக்கிப்புழு பயம். பின்வார் வைத்த பிளாஸ்டிக் செருப்புதான் சரி. காலில் புண் உள்ள பிள்ளையைத் தேங்கிய தண்ணீரில் இறக்கவே கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வேண்டாம். தென்னை மரத்தடியில் ஒதுங்குவது எல்லாவற்றையும்விட மோசம்.

போன இடத்தில் ஒரு நாளைக்கு ஒரே பொருள். நத்தை என்றால் நத்தை மட்டும். ஈரச் சுவரில் ஊரும் நத்தையை ஒரு குச்சியால் மெல்ல எடுத்து, கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டப்பா மூடியில் விடுங்கள். அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தால் கொம்பு நீளும். அது நகர ஆரம்பித்ததும் மூடியைப் பிள்ளைகளின் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அடியிலிருந்து பார்த்தால் அதன் வயிற்றில் கோடு கோடாக அலை ஓடுவது தெரியும். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லி வாயைத் திறக்காதீர்கள். கேள்வி தானாக வரும். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, எல்லோருக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவல். மரவட்டையையும் பார்க்கலாம், தொட வேண்டாம்: அது விடும் நீர் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம்.

மழையை அளக்க, அடியும் வாயும் ஒரே அகலமாக, அடி தட்டையாக உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். அடி மேடு பள்ளமாக இருந்தால் கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டு அதையே பூஜ்ஜியமாக்கிக்கொள்ளலாம். கூரைச் சொட்டு விழாத வெட்டவெளியில் வைக்க வேண்டும். இரண்டு செங்கல் அண்டக் கொடுக்காவிட்டால் காற்று தூக்கிவிடும். தினமும் அதே நேரத்தில் பார்த்து, தண்ணீர் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். எண் தெரியாத பிள்ளைக்கும் நேற்று கொஞ்சம், இன்று நிறைய என்பது புரிந்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு தகவல்: ஒரே நாளில் ஆறரை சென்டிமீட்டர் நின்றால் அதுதான் டிவியில் சொல்லும் கனமழை. அளந்ததும் கவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

நாற்றங்கால் போட விதைநெல் இரண்டு கைப்பிடி வேண்டும், மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரச் சாக்கில் இன்னொரு 24 மணி நேரம் கட்டிவைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஓட்டை போட்ட பழைய தட்டில் மூன்று விரல் உயரம் வயல் மண்ணைக் குழைத்துப் பரப்பி, பிள்ளைகள் தூவட்டும். முதல் நான்கைந்து நாள் மண் சேறாக இருந்தால் போதும், தண்ணீர் மேலே நின்றால் முளை அழுகிவிடும். தூவியதும் கொசுவலைத் துண்டால் மூடாவிட்டால் மைனாவும் குருவியும் மிச்சம் வைக்காது. மூட்டமான நாட்களில் உள்ளறையில் வைத்தால் நாற்று வெளிறி நெட்டுக்குத்தாக வளர்ந்து சாய்ந்துவிடும். திண்ணை ஓரம் போதும்.

அடைமழை நாளில் தாழ்வாரத்திலேயே பூவரசு பீப்பி செய்யலாம். கொழுந்தும் பழுத்ததும் வேண்டாம், நடுத்தர இலை. காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை மட்டும் பல்லால் லேசாக நசுக்கி ஊத வேண்டும். சத்தம் வராவிட்டால் சுருள் தொளதொளவென்று இருக்கிறது என்று அர்த்தம், அல்லது நசுக்கியது அதிகமாகி வழி அடைத்திருக்கும். பிள்ளைக்குப் பிள்ளை தனி இலை கொடுங்கள். சளிக்காலத்தில் ஒருவர் ஊதிய பீப்பி அடுத்தவர் வாய்க்குப் போகக் கூடாது.