உள்ளே வெடித்தால் கலனின் சுவர் தாங்குமா? கணக்குப் போடும் முறை

முதலில் சுவரின் அலைவுக் காலத்தைப் பாருங்கள். 0.5 மீட்டர் ஆரமுள்ள எஃகுக் கோளம் ஒருமுறை விரிந்து சுருங்க சுமார் 0.37 மில்லிநொடி. அதிர்ச்சி அலை அதைவிட வெகு சீக்கிரம் ஓய்ந்தால் உச்ச அழுத்தத்தைக் கண்டு மிரள வேண்டாம், முக்கியம் கணத்தாக்குதான், அதாவது அழுத்தமும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்து சுவருக்குத் தரும் மொத்த உந்தல்.

சதுர மீட்டருக்கான கணத்தாக்கைச் சுவரின் நிறையால் வகுங்கள். 20 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 157 கிலோ. கணத்தாக்கு 785 நியூட்டன்-நொடி என்றால் சுவர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கிளம்பும். முன்சொன்ன கோளத்தின் சுவர் இதுவானால், அதில் எழும் தகைவு (பொருளுக்குள் ஒரு பரப்பில் விழும் விசை) ஏறக்குறைய 167 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமான எஃகு 250-இல்தான் நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும் என்பதால் தப்பித்தோம் என்று தோன்றும்.

அவசரப்படாதீர்கள். அடைபட்ட சூடான வாயுவின் அழுத்தம் பின்னாலேயே நிற்கும். அதைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது திரிபுமானியில், அதாவது சுவர் எவ்வளவு நீள்கிறது என்று அளக்க அதில் ஒட்டும் கருவியில். முதல் உச்சம் வந்ததும் பதிவை நிறுத்திவிடுவார்கள். குழாய்வாயும் (கலனில் குழாய் இணையும் இடம்) கதவு விளிம்பும் சமச்சீரைக் குலைப்பதால், நெருங்கிய அதிர்வெண்கள் கொண்ட அதிர்வுகள் ஒன்றோடொன்று கூடி, பிந்தைய உச்சம் முதலாவதைத் தாண்டக்கூடும். பல பத்து மில்லிநொடிகளாவது பதிவு ஓடட்டும்; மானிகளைக் குழாய்வாயின் வெல்டிங் இணைப்புக்கு அருகிலும் ஒட்டுங்கள். வெறும் சுவரில் மட்டும் ஒட்டினால் விரிசல் விழும் இடம் கண்ணில் படாது.