புது அனிமோன் தொட்டிக்கு வந்தால்: கையை வைக்காமல் பழக்குவது எப்படி

கடல்நீர் மீன் தொட்டிக்கு அனிமோன், அதாவது பூ மாதிரி விரிகிற கடல் உயிரினம், வாங்கிவந்ததும் பலரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. தொட்டியில் தங்களுக்குப் பிடித்த இடத்தில் அதை வைப்பார்கள், மறுநாள் அது நகர்ந்திருந்தால் பிடுங்கித் திரும்பவும் அங்கேயே வைப்பார்கள். அனிமோனுக்குக் கால் உண்டு. வெளிச்சமும் நீரோட்டமும் ஒத்துவருகிற இடம் கிடைக்கும்வரை அது நடக்கத்தான் செய்யும், நடக்கட்டும். போகிற வழியில் அதை அறுக்கிற பொருள் எதுவும் இல்லாமலும் தண்ணீர் மாறாமலும் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

தொட்டி தொடங்கி குறைந்தது 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், இதில் அவசரமே கூடாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், உப்பு ஒப்படர்த்தி அளவில் 1.025 அல்லது 1.026, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. இந்த எண்கள் ஒரு நாள் சரியாக இருந்தால் போதாது, வாரக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். நம்மூர் வெயிலில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆனால் உப்பு அப்படியே தங்கிவிடும், அதனால் குறைகிற அளவுக்கு தினமும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் விடுங்கள். முன்பு எப்போதாவது செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றிய தொட்டி என்றால் அதில் அனிமோன் வைக்கவே வேண்டாம்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு கேன் எடுத்துவந்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம் என்பேன். நம் குமரி மாவட்டத்தில் மணக்குடியில் பழையாறு கடலில் வந்து விழுகிறது, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு, நமக்கு ஆனி ஆடியிலும் மழை ஐப்பசி கார்த்திகையிலும் மழை, கரையோரத்தில் உப்பு மாறிக்கொண்டே இருக்கும். மீன்பிடித் துறைமுகப் பக்கம் டீசலும் சேரும். பவளத் தொட்டிகளுக்கென்றே கடையில் விற்கிற ரீஃப் உப்பை ஆர்ஓ தண்ணீரில் கலக்குவதே நல்லது. அப்படியே மணவாளக்குறிச்சி கறுப்பு மணலையும் விட்டுவிடுங்கள், அது இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த தாது மணல், தொட்டிக்கு அரகோனைட் என்கிற சுண்ணாம்பு மணல்தான். கரையில் கிடக்கிற பவளப்பாறையையும் எடுக்கக் கூடாது, பவளம் 1972 வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

முதல்முறை வளர்க்கிறவர்களுக்கு பபிள் டிப் என்கிற அனிமோன் வகை போதும், அதுவும் தொட்டியிலேயே பிரிந்து வளர்ந்தது கிடைத்தால் ரொம்ப நல்லது. கடையில் வாயைப் பாருங்கள், இறுக மூடியிருக்க வேண்டும். கால் கிழிந்திருந்தால் வேண்டாம். முழுக்க வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பது அழகாகத் தெரியும், ஆனால் அது உள்ளே வாழ்கிற பாசியை இழந்து பட்டினி கிடக்கிற அனிமோன், அதைத் தேற்றுவது பழகியவர்களுக்கே கஷ்டம். கல்லில் ஒட்டியிருந்தால் கல்லோடு கேட்டு வாங்குங்கள், நகத்தால் கிள்ளி எடுத்தால் கால் கிழியும். திருவனந்தபுரத்தில் வாங்கி நாகர்கோவில் வருவதாக இருந்தால் பையை தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். அப்புறம் அனிமோனைத் தண்ணீரோடு ஒரு சுத்தமான வாளிக்கு மாற்றி, ஏர் டியூப்பில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விடுங்கள். ஒன்றரை மணி நேரம் வரை போகலாம். இரண்டு பக்கமும் உப்பு ஒன்றாக வந்த பிறகு கையுறை போட்ட கையால் அடியிலிருந்து தாங்கி எடுத்து தொட்டிக்கு மாற்றுங்கள், வாளித் தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டாம். வேலை முடிந்து கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பே வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்குகிற பம்ப்), ஓவர்ஃப்ளோ (மேல்தண்ணீர் வழிந்து போகிற திறப்பு) என்று தண்ணீர் இழுக்கிற எல்லா வாயையும் ஸ்பாஞ்சாலோ வலையாலோ மூடியிருக்க வேண்டும். நடக்கிற அனிமோன் பம்புக்குள் போய் அரைபட்டால் அது மட்டும் சாவதில்லை, தண்ணீர் முழுக்க நஞ்சாகி மீன்களும் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பபிள் டிப் என்றால் பாறையில் ஆழமான இடுக்குப் பக்கம் வையுங்கள், அது காலை உள்ளே மறைத்துக்கொண்டு தலையை மட்டும் வெளிச்சத்துக்கு நீட்டும். கார்ப்பெட் என்கிற அனிமோன் வகை மணலில் கால் ஊன்றும். வைக்கும்போது பம்புகளை நிறுத்திவிட்டு, கால் ஒட்டிக்கொண்டதும் மெல்லத் திரும்பப் போடுங்கள். லைட்டைப் பாதி அளவில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றலாம்.

இனி பதற்றம் வருகிற நாட்கள். இன்றைக்குப் பெரிதாக விரிந்திருப்பது நாளைக்கு காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடக்கும், வாயிலிருந்து பழுப்பாக நூல் நூலாக ஏதாவது வெளியே வரும், சாயங்காலம் திரும்ப உப்பிப் பெரிதாகிவிடும். பழைய தண்ணீரையும் கழிவையும் அது அப்படித்தான் வெளியேற்றுகிறது. குத்திப் பார்க்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். பவளத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் பவளத்தை நகர்த்துங்கள், அனிமோன் கொட்டினால் பவளம்தான் கருகும்.

முதல் வாரம் தீனி வேண்டாம். ஒரே இடத்தில் நிலைத்து, விரலில் ஒட்டுகிற அளவுக்கு அனிமோனின் கைகள் (வாயைச் சுற்றி நீண்டிருக்கிற இழைகள்) பசையாக இருந்தால் உப்பு மசாலா படாத பச்சை இறாலில் பட்டாணி அளவுத் துண்டை இடுக்கியால் கைகளின் மேல் வையுங்கள். கைகள் மடங்கி அதை வாய்க்குக் கொண்டுபோகும். மறுநாள் துப்பியிருந்தால் துண்டு பெரிது அல்லது இன்னும் நேரமாகவில்லை, எடுத்துப் போட்டுவிட்டு நாலு நாள் கழித்துப் பாருங்கள். அப்புறம் வாரம் ஒரு முறை போதும். கோமாளி மீனை இப்போதைக்குச் சேர்க்காதீர்கள், அது ஓயாமல் உரசும், புது அனிமோனுக்கு அது தாங்காது.

கரண்டு போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். 2017 ஒக்கிப் புயலில் இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும், இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரையாவது இணைத்து வையுங்கள்.

எடுத்துவிட வேண்டிய நிலை எப்படித் தெரியும் என்று கேட்டால், சுருங்குவது மட்டும் அறிகுறி இல்லை. வாய் பிளந்து மூடாமலே இருக்கும், கால் எதிலும் பிடிக்காது, கைகள் கொழகொழவென்று கரைந்து பிரியும், தண்ணீரிலிருந்து கொஞ்சம் தூக்கினாலே அழுகல் நாற்றம் வரும். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் எடுத்துவிட்டு, கால் பங்கு தண்ணீர் மாற்றி, தண்ணீரிலுள்ள அழுக்கை உறிஞ்சுகிற ஆக்டிவேட்டட் கார்பன் புதிதாகப் போட்டு, அன்றைக்கே அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்கள்.